தடிமனைப் பிறர்க்குக் கொடாதிருப்போம்

(எமது சங்க மண்டபத்தில், மார்கழி மாதக் கூட்டத்திலே நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)





இது திருவெம்பாவைக் காலம். விடியற்புறத்து இருளிலே எங்கள் இளைஞர்கள் சங்கும் சேமக்கலமும் ஏந்தி, ஒழுங்கை ஒழுங்கையாகச் சென்று ஊரைத் துயிலெழுப்பி வருகின்றனர். பத்து நாளும் நிறைவெய்தித் திருவாதிரை வரும்போது அவர்களிற் பலர் மூக்கை உறிஞ்சிக்கொண்டும் தும்மிக்கொண்டும் நிற்பது ஆண்டுதோறும் நாம் காணும் காட்சி. "பனியிலே திரிந்தான், தடிமன் பிடித்துக்கொண்டது" என்று வீட்டிலே ஆச்சிமார் சொல்வர். தலையிலே ஒரு துவாயைச் சுற்றிக்கொண்டு போயிருந்தால் வந்திராது என்பது அவர்கள் முடிபு. ஆனால் அந்தப் பத்து நாளும் ஒரே சங்கை நான்கைந்து பேர் மாறி மாறி வாங்கி ஊதினார்கள் என்பதை எவரும் நினைப்பதில்லை. முதல் நாளே ஒருவன் தும்மிக்கொண்டு வந்தான் என்பதையும் நினைப்பதில்லை. பழியெல்லாம் பனிக்கே போய்விடுகிறது.

தடிமன் பனியிலிருந்து வருகிறதா, பக்கத்திலே நிற்பவனிடமிருந்து வருகிறதா? பக்கத்திலே நிற்பவனிடமிருந்து வருகிறதென்றால், அந்தப் பக்கத்திலே நிற்பவன் நானாக இருக்கும்போது என் கடமை யாது? இவ்விரு வினாக்களையுமே இன்று பேச எடுத்துக்கொண்டேன்.

"தடிமனும் ஒரு நோயா? அதற்கு ஒரு சொற்பொழிவா?" என்று சிலர் சிரிக்கக்கூடும். மருந்து குடித்தால் ஏழு நாளில் மாறும், குடிக்காவிட்டால் ஒரு கிழமையில் மாறும் என்ற பகிடியை நானும் பலமுறை சொல்லிச் சிரித்தவனே. அந்தச் சிரிப்பு எனக்கு எப்படி நின்றது என்பதை முதலிலே சொல்லிவிடுகிறேன்.

பதினான்கு ஆண்டுகளுக்கு முன் என் தங்கைக்கு ஆண்குழந்தை பிறந்தது. நான் அப்போது கொழும்பிலே வேலை. துடக்குக் கழிவுக்கு, அதாவது முப்பத்தோராம் நாள் சடங்குக்கு, இரவுப் பஸ்ஸிலே ஏறி விடியற்காலை வந்து சேர்ந்தேன். புறப்படும்போதே தொண்டையிலே ஒரு கரகரப்பு. பஸ்ஸுக்குள்ளே மூக்கு ஓடத் தொடங்கிவிட்டது. லேஞ்சியாலே துடைத்துக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்ததும் முகம் கழுவினேன். கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவவில்லை. "மாமா வந்திட்டார்" என்று சொல்லித் தாயார் குழந்தையை என் கையிலே தந்தார். தூக்கினேன், கன்னத்திலே கொஞ்சினேன். அன்று வந்திருந்த எல்லோரிலும் அதிக நேரம் குழந்தையை மடியில் வைத்திருந்தவன் நான்தான்.

என் தடிமன் நான்கு நாளிலே மாறிவிட்டது. ஐந்தாம் நாள் குழந்தை பால் குடிக்க மறுத்தது. நெஞ்சு உள்ளே இழுத்து இழுத்து மூச்சு வாங்கியது. வைத்தியசாலைக்குக் கொண்டோடினோம். குழந்தையைப் பார்த்த வைத்தியர் ஓட்சிசன் வைக்கச் சொல்லிவிட்டு, எங்களைத் திரும்பிப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "வீட்டிலே ஆருக்கும் தடிமன் இருந்ததா?" தங்கை என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். ஒன்பது நாள் குழந்தை அங்கே கிடந்தது. இறைவன் அருளாலும் வைத்தியர் தாதியர் முயற்சியாலும் பிழைத்தது. இன்று அவன் என் தோளுயரம் வளர்ந்து நிற்கிறான். ஆனாலும் அந்தக் கேள்வி இன்னும் என் காதைவிட்டுப் போகவில்லை.

வளர்ந்தவருக்கு வெறும் மூக்குச் சிந்தலாக வந்து போகும் ஒரு வைரசு, சில மாதங்களே ஆன குழந்தையின் நுரையீரலின் நுண்ணிய குழாய்களை வீங்கச் செய்து மூச்சை அடைத்துவிடக்கூடும். முதியோருக்கும், தொய்வு என்னும் ஆஸ்துமா உள்ளவருக்கும், சிறுநீரகநோய், நீரிழிவு, புற்றுநோய் உள்ளவருக்கும் அத்தகைய ஆபத்து உண்டு. தடிமன் கொண்டவனுக்கு அது சிறு நோய்தான். அவன் அதை யாருக்குக் கொடுக்கிறான் என்பதைப் பொறுத்தே அது சிறிதோ பெரிதோ ஆகிறது. இதனை நீங்கள் மனத்திலே பதித்துக்கொண்டால் என் பேச்சின் பயன் அவ்வளவே.

தடிமனை உண்டாக்குவது எது?

தடிமனுக்குக் காரணம் வைரசு என்னும் நுண்கிருமி. பற்றீரியா என்று நாம் சொல்லும் கிருமியிலும் இது மிகச் சிறியது. சாதாரண நுணுக்குக்காட்டியிலே தெரியாது. தடிமன் தரும் வைரசுகள் ஏறத்தாழ இருநூறு உண்டு. அவற்றுள் முதன்மையானது மூக்கு வைரசு என்று பொருள்படும் 'றைனோ வைரசு'. இந்த ஒன்றிலேயே 160க்கு மேற்பட்ட வகைகள் அறியப்பட்டுள்ளன. ஒரு வகைக்கு எதிராக உடம்பு காவல் தேடிக்கொண்டாலும் மற்றொரு வகை வந்து புகுந்துவிடும். ஆகவேதான் அம்மைக்கு உள்ளதுபோலத் தடிமனுக்குத் தடுப்பூசி இன்றுவரை இல்லை. வளர்ந்தவருக்கு ஆண்டுக்கு இரண்டு மூன்று முறையும், சிறு பிள்ளைகளுக்கு ஆறு முதல் எட்டு முறையும் தடிமன் வருவதும் இதனாலேயே.

இந்த வைரசுக்கு ஏற்ற இடம் மூக்கு. உடம்பின் உட்சூடு 37 பாகை. மூக்கின் உட்புறமோ நாம் இழுக்கும் காற்றினாலே சற்றுக் குளிர்ந்து 33 பாகை அளவில் இருக்கும். 1960ஆம் ஆண்டு இங்கிலாந்திலே டேவிட் டிரெல் என்னும் ஆராய்ச்சியாளரும் அவர் கூட்டத்தினரும் இந்த 33 பாகைச் சூட்டிலே வைத்தபோதுதான் றைனோ வைரசுகளை ஆய்வுகூடத்தில் நன்றாக வளர்க்க முடிந்தது.

பனியும் மழையும் காரணமா?

இனி ஆச்சிமாரின் வழக்குக்கு வருவோம். பனியே தடிமனுக்குக் காரணமானால், உலகிலே மிகக் குளிர்ந்த ஊரிலே எந்நேரமும் தடிமன் இருக்கவேண்டுமன்றோ? வடதுருவத்துக்கு அண்மையிலே ஸ்பிற்ஸ்பேர்கன் என்னும் தீவு உண்டு. அங்கே லோங்யியர்பியன் என்ற நிலக்கரிச் சுரங்க ஊரிலே 1930-31இல் ஏறத்தாழ 500 பேர் வாழ்ந்தனர். பனிக்காலம் முழுவதும் கடல் உறைந்து கப்பல் வராது. அந்த ஓராண்டு அங்கே தங்கிய ஆராய்ச்சியாளர் இருவர் கண்டது யாதெனில், கொடுங்குளிர் நிலவிய அம்மாதங்களிலே தடிமன் அனேகமாக அற்றுப்போயிற்று. வெயில் திரும்பி, பனிக்கட்டி விலகி, வைகாசி மாதத்திலே முதற் கப்பல் வந்து துறையிலே நின்றது. சில நாளுக்குள் ஊரெங்கும் தடிமன் பரவியது. குளிர் கொண்டுவராத தடிமனைக் கப்பலிலே வந்த மனிதர் கொண்டுவந்தனர்.

நம் ஊரின் பெயரிலேயே 'துறை' இருக்கிறது. துறையிலே வாழ்வோருக்கு இது விளங்காத செய்தியன்று. சரக்கு வரும் வழியாலே நோயும் வரும். ஊர்காவற்றுறைக்கு முன்னே கடல் நடுவில் நிற்கும் கடற்கோட்டை, ஆங்கிலேயர் ஆண்ட காலத்திலே தொற்றுநோயாளரைத் தனியே வைத்துப் பராமரிக்கும் இடமாகவும் இருந்தது. வந்தவரை ஊருக்குள் விடுமுன் நோயைப் பார்க்கவேண்டும் என்ற அறிவு துறைமுகத்தாருக்குப் பழையது. இன்று எமக்குக் கப்பல் இல்லை. இரவுப் பஸ்ஸும் புகையிரதமும் உண்டு. என் தங்கை வீட்டுக்கு வந்த கப்பல் நானே.

குளிரைப் பற்றி நேரான சோதனையும் நடந்திருக்கிறது. இங்கிலாந்திலே சோல்ஸ்பரி என்னும் ஊருக்கு அருகே தடிமன் ஆராய்ச்சிக்கென்றே ஒரு நிலையம் 1946 முதல் 1990 வரை இயங்கியது. மனமுவந்து வந்தவர்களைப் பத்து நாள் வரையில், இருவர் மூவராகப் பிரித்துத் தங்கவைத்து, மூக்கிலே வைரசு கலந்த நீரை விட்டுப் பார்ப்பார்கள். அதன் தலைவராயிருந்த கிறிஸ்தோபர் அன்றூஸ் என்பவர் சிலரை வெந்நீரிலே குளிக்கச் செய்து, துவட்டவிடாமல், காற்று வீசும் நடைபாதையிலே ஈர உடையுடன் அரைமணி நேரம் நிறுத்தி, பின்னும் ஈரக் காலுறையுடன் இருக்கச் செய்தார். வைரசு விடப்படாமல் குளிர் மட்டும் பட்டவர்களுக்குத் தடிமன் வரவில்லை. ஐக்கிய அமெரிக்காவிலே 1968இல் வெளியான ஆராய்ச்சியும், குளிர்பட்டவருக்கும் படாதவருக்கும் றைனோ வைரசு ஒரே விதமாகவே பற்றுகிறது என்று காட்டியது.

இதனால் ஆச்சி சொன்னது முழுவதும் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. 2005இல் பிரித்தானியாவின் கார்டிவ் நகரத்து ஆராய்ச்சியாளர் சிலருடைய கால்களைக் குளிர்நீரிலே வைத்துப் பார்த்தபோது, அவர்களிற் கூடுதலானோர் பின்வந்த நாட்களில் தடிமன் குணங்களைச் சொன்னார்கள். ஏற்கெனவே மூக்கிலே ஒளிந்திருக்கும் வைரசு, குளிர்பட்டபோது தலைகாட்டுகிறது போலும் என்பது அவர்கள் கருத்து. ஆகவே நனைந்த தலையைத் துவட்டுவதிலே குற்றமில்லை, தாய்மார் துவட்டிவிடட்டும். ஆனால் வைரசு இல்லாமல் தடிமன் இல்லை. வைரசு மற்றொரு மனிதனிடமிருந்தே வருகிறது.

அப்படியானால் மாரியிலே தடிமன் ஏன் மலிகிறது? மழை பெய்யும்போது யன்னலைச் சாத்திக்கொண்டு எல்லோரும் ஓரறைக்குள் அடைகிறோம். பள்ளிக்கூடத்திலும், நூறு பிள்ளைகளை வாங்கிலே நெருக்கி இருத்தும் ரியூட்டறிகளிலும் இதே கதைதான். ஒருவர் விட்ட மூச்சை மற்றவர் இழுக்கிறோம். மழை எங்களை ஒருவருக்கொருவர் அண்மையிலே கொண்டுவந்து சேர்க்கிறது. மற்ற வேலையை நாங்களே செய்துவிடுகிறோம்.

அது செல்லும் வழிகள்

தடிமன் செல்லும் வழிகள் இரண்டு: கைவழியும் காற்றுவழியும்.

முதலில் கைவழி. தடிமன்காரன் மூக்கைத் துடைக்கிறான். கையிலே வைரசு ஒட்டுகிறது. அந்தக் கையாலே கதவைத் திறக்கிறான், கைத்தொலைபேசியைக் கொடுக்கிறான், நண்பன் கையைப் பிடிக்கிறான். நண்பன் சற்று நேரத்திலே தன் கண்ணைக் கசக்குகிறான் அல்லது மூக்கைச் சொறிகிறான். வழி முடிந்தது. அமெரிக்காவின் வேர்ஜீனியாப் பல்கலைக்கழகத்தார் 1978இல் வெளியிட்ட ஆராய்ச்சியிலே, இப்படிக் கைவழியாகத் தொட்ட 15 முறைகளில் 11இல் தொற்று உண்டாயிற்று. முகத்தைத் தொடாதிருப்பது எளிது என்று எண்ணாதீர்கள். அவுஸ்திரேலியாவிலே மருத்துவ மாணவர் சிலரைக் கவனித்து 2015இல் வெளியிட்ட கணக்கின்படி, அவர்கள் மணிக்குச் சராசரி 23 முறை தம் முகத்தைத் தொட்டனர். நோயைப் படிக்கும் மாணவரின் நிலையே இதுவானால் எங்கள் நிலை எப்படி என்று எண்ணிப் பாருங்கள்.

இரண்டாவது காற்றுவழி. தும்மும்போதும் இருமும்போதும் துளிகள் பறக்கின்றன. பெரிய துளிகள் அண்மையிலேயே விழும்; நுண்ணியவை புகைபோல மிதந்து பல அடி தூரம் செல்லும். மூடிய அறையிலே நெடுநேரம் நிற்கும். விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தார் 1987இல் வெளியிட்ட சோதனை ஒன்று எங்கள் ஊராருக்கு நன்றாக விளங்கும். தடிமன்காரரையும் நல்ல சுகத்துடன் இருந்தவரையும் ஒரு மேசையைச் சுற்றி இருத்தி, எங்கள் திண்ணைகளிலே முந்நூற்று நாலு விளையாடுவதுபோல, மணிக்கணக்காகச் சீட்டு விளையாடச் செய்தனர். சுகமுள்ளவரிற் சிலருக்கு, கை முகத்தைத் தொடமுடியாதபடி தடை போட்டிருந்தனர். முகத்தைத் தொட முடிந்தவருக்கும் முடியாதவருக்கும் ஏறத்தாழ ஒரே அளவிலே தடிமன் தொற்றியது. பின் தடிமன்காரர் கையிலே ஊறிய அந்தச் சீட்டுகளை வேறிடத்திலுள்ள வேறு சிலருக்குக் கொடுத்து விளையாடச் செய்தபோது ஒருவருக்கும் வரவில்லை. சீட்டிலும் அதிகமாகக் காற்றே அங்கே குற்றவாளியாயிற்று.

ஒரு சோதனை கையைக் காட்டுகிறது. மற்றது காற்றைக் காட்டுகிறது. ஆகவே அறிவுடையோர் இரண்டு வழியையும் அடைப்பர். கையைக் கழுவிவிட்டு மூடிய அறையிலே முகத்துக்கு முகம் நின்று இருமினாலும் பயனில்லை. யன்னலைத் திறந்துவிட்டு, மூக்கைத் துடைத்த கையாலே சோறு பரிமாறினாலும் பயனில்லை.

மற்றொன்றும் அறியவேண்டும். வைரசு உட்புகுந்து ஒன்று முதல் மூன்று நாளிலே தடிமன் தலைகாட்டும். அதன்பின் முதல் இரண்டு மூன்று நாள்களிலேயே அது மிகுதியாக வெளிப்படும். அப்போதுதான் நாமோ "இது சும்மா தடிமன், நடந்து திரியலாம்" என்று எங்கும் செல்கிறோம்.

அரியாலை தந்த பாடம்

மூச்சுவழி பரவும் நோய் எப்படி நடக்கும் என்பதை நாங்கள் புத்தகத்திலே படிக்கவேண்டியதில்லை. 2020 மார்ச் மாதம் எங்கள் பக்கத்து அரியாலையிலே ஒரு கூட்டம் நடந்தது. வெளிநாட்டிலிருந்து வந்து அதிலே கலந்துகொண்ட ஒருவரிடம் கொரோனா நோய் இருந்தமை பின்னரே தெரியவந்தது. அம்மாதம் 22ஆம் திகதி யாழ்ப்பாண மாவட்டத்தின் முதல் நோயாளி கண்டறியப்பட்டார். கூட்டத்துக்குப் போனவர்கள் தனிமைப்படுத்தப்பட்டனர். அவர்களிலும் சிலருக்குத் தொற்று இருந்தமை பின் உறுதியாயிற்று. ஊரடங்கு வந்தது. கடை பூட்டியது. அவ்வாண்டு நல்லூர்த் திருவிழாவும் கட்டுப்பாடுகளுடனேயே நடந்தது.

அந்த நாட்களிலே நோயிலும் விரைவாகப் பரவியது பழிச்சொல். இன்ன கூட்டத்தார், இன்ன மதத்தார் என்று பேசினோம். அன்று அது வேறொரு கூட்டமாயிருந்தது. எங்கள் கோயில் வீதியிலே நடந்திருந்தாலும் அப்படியே நடந்திருக்கும். மூடிய இடத்திலே பலர் கூடினால் வைரசுக்கு எல்லாக் கூட்டமும் ஒன்றே. சென்ற நூற்றாண்டிலே, 1918-19இல், இன்புளுவென்சாக் காய்ச்சல் இலங்கைக்கு வந்தபோதும் அது மதம் பார்க்கவில்லை. குடித்தொகைக் கணக்குகளைப் பிற்காலத்திலே ஆராய்ந்தவர்கள், இத்தீவிலே ஏறத்தாழ மூன்று இலட்சம் உயிர்கள் போயிருக்கலாம் என்று மதிப்பிட்டுள்ளனர்.

2020இலும் 2021இலும் முகக்கவசமும் கைகழுவுதலும் விலகி நிற்றலும் நடைமுறையிலே இருந்தபோது, உலகெங்கும் இன்புளுவென்சாக் காய்ச்சல் அடங்கிக் கிடந்தது. மனிதர் மனம் வைத்தால் மூச்சுவழி நோயைக் குறைக்கலாம் என்பதற்கு இதனிலும் பெரிய சாட்சி வேண்டாம். ஆனால் றைனோ வைரசு மாத்திரம் பல நாடுகளிலே பள்ளிக்கூடம் திறந்ததும் திரும்பி வந்துவிட்டது. அது எளிதிலே விடாது. ஆகவே நாமும் எளிதிலே விடலாகாது.

செய்யத் தக்கவை

பெரிய சட்டங்கள் வேண்டாம். வீட்டிலே கைக்கொள்ளத் தக்க சிலவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது, மூக்கைச் சிந்தியபின்னும், தும்மலை மறித்தபின்னும், சாப்பாட்டைத் தொடுமுன்னும், குழந்தையைத் தூக்குமுன்னும் கையைச் சவர்க்காரம் போட்டு இருபது விநாடி தேய்த்துக் கழுவுங்கள். தண்ணீரிலே நனைத்துச் சாரத்திலே துடைப்பது கழுவுதல் ஆகாது.

இரண்டாவது, தும்மல் வந்தால் உள்ளங்கையாலே மறியாதீர்கள். முழங்கை மடிப்பிலே முகத்தைப் புதைத்துத் தும்முங்கள். பிள்ளை தும்மினால் "நூறு" என்று ஆச்சி வாழ்த்துவார். அந்த வாழ்த்தோடு, "மறைத்துத் தும்மு மோனை" என்றும் சொல்லிக் கொடுக்கட்டும்.

மூன்றாவது, நாள் முழுதும் ஒரே லேஞ்சியாலே துடைத்து அதையே சட்டைப் பையிலே வைத்திருப்பது, நோயைப் பொதிந்து வைத்திருப்பதாகும். கடுதாசித் துண்டானால் உடனே எறிந்துவிடுங்கள். லேஞ்சியானால் தினமும் மாற்றித் தோயுங்கள்.

நான்காவது, தடிமன் தொடங்கிய முதல் மூன்று நாளும் கைக்குழந்தையிடமும், படுக்கையிலுள்ள முதியோரிடமும் போகாதீர்கள். போகவே வேண்டியிருந்தால் முகக்கவசம் அணிந்து, கைகழுவிப் போங்கள். கொஞ்சுவதை ஒரு கிழமை தள்ளிவையுங்கள். முப்பத்தொரு நாள் பிள்ளைப்பேற்று வீட்டுக்குள்ளே கண்டவரெல்லாம் போகலாகாது என்று முன்னோர் விதித்தனர். அவர்கள் எண்ணியது வேறாயிருக்கலாம். ஆயினும் அந்த வழக்கத்தின் நிழலிலே பல குழந்தைகள் காக்கப்பட்டிருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஐந்தாவது, மழை தூவானம் அடிக்காத பக்கத்து யன்னலைத் திறந்து வையுங்கள். காற்றோட்டம் செலவில்லாத மருந்து.

ஆறாவது, வணக்கம் சொல்லக் கைகூப்புவோம். எங்கள் பழைய மூக்குப்பேணியையும் நினைத்துக்கொள்வோம். உதடு படாமல் அண்ணாந்து ஊற்றிக் குடிக்க அமைத்த பாத்திரம் அது. தடிமன் வைரசு எச்சிலிலும் மூக்குநீரிலேயே மிகுதி. ஆனால் எச்சில்வழி செல்லும் நோய்கள் வேறும் உண்டாதலால், ஒரே பேணியிலே பலர் வாய்வைத்துக் குடிப்பது எக்காலத்திலும் நன்றன்று.

மருந்து பற்றி ஒரு சொல். மல்லியும் வேர்க்கொம்பும் அவித்த குடிநீர், சூடான இரசம், ஓய்வு ஆகியன தொண்டைக்கு இதமும் உடம்புக்குச் சுகமும் தரும், தாராளமாகக் குடியுங்கள். அவை வைரசைக் கொல்வதில்லை. உடம்பு தானே அதனை வெல்லும். ஆவி பிடிக்கும்போது கொதிநீர்ச் சட்டி கவிழ்ந்து வெந்துபோன பிள்ளைகள் உண்டு; சிறுவருக்கு அது வேண்டாம். ஒரு வயதாகாத குழந்தைக்குத் தேன் கொடாதீர்கள். அன்ரிபயோற்றிக் குளிசை பற்றீரியாவுக்கானது. தடிமனுக்கு அது ஒன்றும் செய்யாது. கடையிலே கேட்டு வாங்கி விழுங்குவோர், பின்னொரு நாள் உண்மையாகவே அது வேண்டியபோது அதன் வலுவை இழந்து நிற்பர்.

காய்ச்சல் கடுமையாயிருந்தால் அதனைத் தடிமன் என்று தள்ளிவிடாதீர்கள். மாரிகாலம் எங்களுக்கு டெங்குக் காலமும் ஆகும். 2024 மார்கழியிலே யாழ்ப்பாண மாவட்டத்திலே காய்ச்சலும் மூச்சுத்திணறலுமாக வந்த சிலர் சில நாளிலே இறந்தனர். ஆராய்ந்தபோது அது எலிக்காய்ச்சல் என்று தெரிந்தது. காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் அளவாக எடுக்கலாம். அஸ்பிரின், இபுபுரோபன் போன்றவை டெங்கிலே இரத்தப்பெருக்கை உண்டாக்கும். காய்ச்சல் மூன்றாம் நாளும் நின்றாலும், மூச்சு வாங்கினாலும், குழந்தை பால் குடிக்க மறுத்தாலும் வைத்தியசாலைக்குப் போவதிலே தாமதம் வேண்டாம்.

சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம்

இளைஞர்களே, இனி உங்களிடம் ஒன்று கேட்கிறேன். பெரியோரும் கேட்கட்டும்.

தடிமனோடு வந்து தொண்டு செய்பவனை நாம் புகழ்கிறோம். "காய்ச்சலோடும் வந்து நின்றான், பாருங்கள்" என்கிறோம். வராதவனைக் கள்ளன் என்கிறோம். பள்ளிக்கூடத்திலும் ஒரு நாளும் தவறாது வந்த பிள்ளைக்குப் பரிசு கொடுக்கிறோம். அந்தப் பிள்ளை எத்தனை நாள் மூக்குச் சிந்திக்கொண்டு வந்து எத்தனை பேரைக் கிடத்தியது என்று கணக்குப் பார்ப்பதில்லை. தாய் தகப்பனும் ஒரு ரியூசன் வகுப்பைத் தவறவிட்டால் பரீட்சையே போய்விட்டது என்று அஞ்சி அனுப்புகின்றனர். இந்தப் புகழும் இந்த அச்சமும் மாறாதவரையில், நான் சொன்ன கைகழுவும் முறையெல்லாம் பாதி வழியிலே நின்றுவிடும். வீட்டிலே நிற்பவனுக்கு மானம் போகாது என்ற நம்பிக்கையை நாம்தான் கொடுக்கவேண்டும்.

ஆகவே என் விண்ணப்பம் இது. அடுத்த திருவெம்பாவைக்குச் சங்கு ஊதுபவர் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு சங்கு. அது முடியாவிட்டால் அன்றைய நாளுக்கு ஒருவரே ஊதட்டும். அன்னதானத்திலே தடிமன் உள்ளவன் பரிமாறவேண்டாம். அவனுக்குக் கணக்கெழுதவோ, வெளி வீதியிலே வாகனம் ஒழுங்குபடுத்தவோ வேலை கொடுங்கள். கடுமையாயிருந்தால் வீட்டுக்கு அனுப்புங்கள். மறுநாள் ஒருவரும் அவனைக் குறைசொல்லக் கூடாது. தண்ணீர்ப் பந்தலிலே மோரை ஊற்றிக் குடிக்கும் பழக்கத்தை மீட்போம். கிணற்றடியிலும் மடத்து வாசலிலும் ஒரு சவர்க்காரக் கட்டி எப்போதும் இருக்கட்டும். இதற்குப் பெரிய நிதி வேண்டியதில்லை. எவர் முறை என்று ஒரு கடுதாசியிலே எழுதி ஒட்டினால் போதும்.

தொண்டு என்பது பிறர் துன்பத்தைக் குறைப்பது. தடிமன் பிடித்த மூன்று நாளும் ஒதுங்கியிருப்பவனும், முகம் தெரியாத ஒரு குழந்தைக்கும் ஒரு கிழவிக்கும் தொண்டே செய்கிறான். அவனுக்கு மாலை போடுவார் இல்லை. அவன் காத்த உயிர் எது என்று அவனுக்கே தெரியாது.

எனக்கு மட்டும் தெரியும், நான் காக்கத் தவறிய உயிர் எது என்று. இறைவன் அதைத் திருப்பித் தந்தான். என் தங்கை மகன் நேற்று விடியவும் சங்கு ஊதப் போகப் புறப்பட்டான். தும்மினான். என்னைத் திரும்பிப் பார்த்தான். சங்கைத் தன் சிநேகிதனுக்கே விட்டுவிட்டு, சேமக்கலத்தை மாத்திரம் எடுத்துக்கொண்டு, எல்லோருக்கும் கடைசியிலே, பத்தடி தள்ளி நடந்து போனான். வீட்டிலேயே நின்றிருந்தால் இன்னும் நல்லது. ஆனாலும் அந்தப் பத்தடியைப் பார்த்தபோது என் மனம் நிறைந்தது. அந்த நிறைவை உங்களோடு பகிர்ந்துகொண்டு அமைகிறேன்.